கேள்வி பதினேழு

பல்லடத்துக்கு மேற்கே
மினி பஸ் திரும்பும் இடத்தில் இறங்கினேன்.
பையில் முப்பத்தொரு பக்கப் படிவம்,
நீல மைப் பேனா இரண்டு,
பழைய செல்போன்களின் படங்கள்:
கொம்பு வைத்தது, மடக்குவது, செங்கல் கனத்தது.
"இதில் எது வைத்திருந்தீர்கள்?"
படத்தைப் பார்த்ததும் எல்லோரும் சிரிப்பார்கள்,
நோயாளிகள்கூட.

திருமூர்த்தி சிரிக்கவில்லை.
கறிக்கோழி ஏஜெண்ட், நாற்பத்தேழு வயது.
இடது காதுக்குப் பின்னால்
தையல் போட்ட இடத்தில் இன்னும் முடி முளைக்கவில்லை.

பத்து வருசத்துக்கு முன்னால்
ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் பேசுவீர்கள்?
"பொழுதோட ரேட்டு வரும்ங்.
ஏறுனா கொஞ்சமாப் பேசுவேன்.
எறங்குனா விடிய விடிய."
இதை நிமிடமாக்க வேண்டும்.
கட்டத்தில் மூன்று இலக்கத்துக்குத்தான் இடம்.

பதினேழு:
வழக்கமாக எந்தக் காதில் வைத்துப் பேசுவீர்கள்?
அவர் வாய் திறக்குமுன்
சமையலறையிலிருந்து கோகிலவாணி வந்தார்.
"இந்தப் பக்கந்தானுங்க்கா,
சோத்துக்கு உக்காந்தாலும் இந்தப் பக்கந்தான்."
தன் இடது காதைத் தொட்டுக் காட்டினார்.
காதில் மாவு ஒட்டியது.

பயிற்சியில் சொல்லித்தான் அனுப்பினார்கள்,
நோவு வந்த பக்கமே நினைவும் சாயும் என்று.
யாரும் பொய் சொல்வதில்லை.
சும்மா வந்த கட்டி என்றால்
எந்த வீட்டில் சோறு இறங்கும்?
இடது என்று டிக் அடித்தேன்.

அப்போது அவர் போன் அடித்தது.
எடுத்து
வலது காதில் வைத்தார்.
"நூத்திப் பன்னெண்டா? நாளைக்கிப் பாக்கலாம் போ."
நானும் கோகிலவாணியும் ஒரே நேரத்தில் பார்த்தோம்.
"மூணு வருசமா அந்தக் காது கேக்கலீங்க்கா,
அதான் மாத்திக்கிட்டாரு."

இருக்கலாம். மெதுவாக வளரும் கட்டி.
முதலில் காதைத் தின்றது,
பிறகு போன் பக்கம் மாறியதா,
அல்லது என்றைக்குமே வலதுதானா?
பார்த்ததை எழுதக் கட்டமில்லை,
கேட்டதை எழுதத்தான் இருக்கிறது.

ஒரு நோயாளிக்கு இரண்டு பேர் ஒப்பீட்டுக்கு:
அதே ஊர், அதே வயது,
தலைக்குள் ஒன்றுமில்லாதவர்கள்.
தறிக்குடோன் ராக்கியண்ணனுக்குக் கோபம்.
"எனக்குத்தான் ஒண்ணுமில்லீங்களே,
என்னைய எதுக்குங் கேக்கறீங்க?"
பாதி விடை உங்களிடம்தான் இருக்கிறது என்று
தறிச் சத்தத்துக்கு மேல் கத்தினேன்.
"எந்தக் காதுன்னு எவன் பாத்தான்?
ரெண்டும் தறிக்கே போச்சுங்."
நினைவில்லை.
டிக்.

ராத்திரி ஒன்பதேகாலுக்குக் கோகிலவாணி கூப்பிட்டார்.
"தூங்கிட்டீங்ளாக்கா?
அந்த இடதுன்னு சொன்னேன் பாருங்...
கல்யாணமான புதுசுல வண்டியில பின்னாடி உக்காந்து போவேன்.
போனத் தோள்ல இடுக்கிக்கிட்டு
தலையச் சாச்சுட்டே ஓட்டுவாரு.
எந்தத் தோளுன்னு
மத்தியானத்துல இருந்து நெனச்சுப் பாக்கறேன்.
ஒருக்கா இது தெரியுது, ஒருக்கா அது.
நெசமாலுமே நெனப்பில்லீங்க்கா. அடிச்சுப் போடுங்."

பின்னால் மிக்சி ஓடி நின்றது.

"அப்ப எதனாலங்க்கா வந்துச்சு?"

பதில் சொல்ல எனக்கு அனுமதி இல்லை.
அனுமதி இருந்தாலும்
"தெரியலீங்க" என்றுதான் சொல்லியிருப்பேன்.
அதையே சொன்னேன்.
"சரிங்" என்றார். வைக்கவில்லை.
நானும் வைக்கவில்லை.
காதோரம் போன் சூடேறிக்கொண்டிருந்தது.

வெள்ளை மை கூடாது.
ஒற்றைக் கோடு, பக்கத்தில் தேதி, கையெழுத்து.
அடித்தது அடியில் படிக்கத் தெரிய வேண்டும்
என்பது விதி.
இடது மேல் ஒரு கோடு இழுத்தேன்.
பிறகு முதல் பக்கத்துக்குத் திரும்பி
'பதில் சொன்னவர்' என்ற இடத்தில்,
பகலில் நான் காலியாக விட்டிருந்த இடத்தில்,
மனைவி
என்று எழுதினேன்.